கிரீம்ஸ் ரோடு சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டில் ஒரு ராத்திரி: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

தாமிரபரணிக்கரை | ஞாயிறு, இரவு 8.40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதிவு கொஞ்சம் நீளம். அந்த இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன். வழக்கமாகத் தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கிவிடுவோம். இப்போது சித்தி மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் போய் நிற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. லாட்ஜ் என்றால் சாப்பாடு பிரச்சினை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், ராத்திரி ஏழரைக்குள் உப்புக் குறைத்துக் கஞ்சி குடித்தால்தான் அம்மாவுக்குச் சரிப்படும். அதனால் சமையலறையோடு இருக்கிற சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டாகத் தேடினேன்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒன்று கிடைத்தது. ஆப்பில் 3,100 ரூபாய் காட்டியது. வாசல் போட்டோவில் இருந்த போர்டில் போன் நம்பர் தெளிவாகத் தெரிந்ததால் நேரே கூப்பிட்டேன். "நேரா போட்டா 2,600 மேடம், டாக்ஸ் தனி" என்றார் ஓனர். ஆயிரம் ரூபாய் ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பினேன். அங்கேதான் சறுக்கினேன், தெரிகிறது, திட்டுகிறவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தே பாரத்தில் மதியம் எழும்பூர் வந்து ஆட்டோ பிடித்துப் போனோம். கீழே ஆளே இல்லை. ரிசப்ஷன் என்று எழுதிய மேஜை மேல் தண்ணீர் கேன் அடுக்கியிருந்தது. இருபது நிமிடம் கழித்து ஒரு பையன் ஓடி வந்தான். ஒடிசாக்காரப் பையன், இருபது வயது இருக்கும். லிஃப்ட் ஓடவில்லை, ரூம் மூன்றாவது மாடி. "லிஃப்ட் இருக்கா?" என்று போனில் இரண்டு தடவை கேட்டிருந்தேன், இருக்கு என்றார். பொய் சொல்லவில்லை, இருக்கத்தான் செய்தது. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினாள். மீதிப் பணத்தை அங்கேயே படியில் நிற்க வைத்து வாங்கினான் பையன். ஓனர் சொல்லியிருக்கிறாராம்.

கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம். "ஏட்டி, இங்க என்னமோ செத்துக் கிடக்குட்டி" என்றாள் அம்மா. பாத்ரூமிலிருந்து வருகிறது என்று பிறகுதான் புரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து, பாத்ரூம் கதவுக்குக் கீழே நான் கொண்டுபோன துண்டைத் திணித்தேன். படுக்கை விரிப்பு பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. தலையணை உறையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் யாரோ தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் வாசம்.

சமையலறைதான் பெரிய கூத்து. இண்டக்ஷன் அடுப்பு ஒன்று. அலுமினியக் குண்டான் இரண்டு, கரண்டி ஒன்று. குண்டானை வைத்துப் போட்டால் அடுப்பு கீங் கீங் என்று கத்தும், 'ஈ ஜீரோ' என்று எழுத்து வரும், அணைந்துவிடும். ப்ளக்கை மாற்றிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். கால் மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது, அலுமினியம் இண்டக்ஷனில் சூடாகாது. பையனைக் கேட்டால், "எல்லாரும் அதுலதான் அக்கா பண்றாங்க" என்றான். அடுப்பின் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. அந்த வீட்டில் யாரும் ஒரு டீ கூடப் போட்டதில்லை.

கடைசியில் கஞ்சி எங்கே வெந்தது தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே அந்தப் பையன் தனக்கென்று வைத்திருந்த சின்ன கேஸ் அடுப்பில், அவன் சோறு வடிக்கிற பாத்திரத்தில். தேய்த்துக் கொடுத்தான். மூன்று மாடி இறங்கி, காய்ச்சி, தூக்குச் சட்டியில் ஊற்றி மூன்று மாடி ஏறினேன். கீசரைப் போட்டால் மெயின் விழுகிறது. மூன்று தடவை தூக்கிவிட்டேன், மூன்று தடவையும் விழுந்தது. அன்றைக்குக் குளியல் இல்லை.

இதுவரைக்கும்கூட 'சரி, ஒரு ராத்திரிதானே' என்று விட்டிருப்பேன். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது, கதவு நிலையில் அது நுழைகிற ஓட்டைதான் உடைந்து போயிருந்தது. சாவியைப் போட்டுப் பூட்டினேன். ஆனாலும் மனசு கேட்காமல் சாப்பாட்டு மேஜையைக் கதவோரம் தள்ளி, அதன் மேல் எவர்சில்வர் டம்ளர் இரண்டை நிறுத்தி வைத்துவிட்டுப் படுத்தேன். இரவு 12.40. டம்ளர் விழுந்த சத்தம். யாரோ வெளியிலிருந்து சாவி போட்டுக் கதவைத் திறக்கிறார்கள்.

நான் போட்ட கூச்சலில் அவர்களே பயந்து போனார்கள். அகர்தலாவிலிருந்து வந்த குடும்பம். கணவன், மனைவி, நாலு வயதுப் பிள்ளை, இரண்டு பெரிய பெட்டி. மனைவிக்கு மறுநாள் அட்மிஷன். ஆப்பில் அதே வீட்டைப் பதிவு செய்து முழுப் பணமும் கட்டியிருக்கிறார்கள். கீழே சுவரில் மாட்டியிருக்கிற, எண் போட்டால் திறக்கிற சாவிப் பெட்டிக்கான எண் ஓனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, அவர்கள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு ஏறி வந்துவிட்டார்கள். ஓனர் போன் ஸ்விட்ச் ஆஃப். பையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா எழுந்து வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பாஷையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தாள். பிள்ளை அம்மா கட்டிலிலேயே தூங்கிவிட்டது. இரண்டு மணி வாக்கில் பையன் பக்கத்துத் தெருவில் எங்கேயோ ரூம் பிடித்து அவர்களைக் கூட்டிப் போனான்.

காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு பிரஷர் வழக்கத்தைவிட அதிகம் காட்டியது. "தூங்கலையாம்மா?" என்று கேட்டார் டாக்டர். அம்மா என்னைப் பார்த்தாள்.

என் கேள்வி இதுதான். பணம் திரும்பக் கேட்டால் கிடைக்குமா? யாரிடம் கேட்பது? பில் என்று கொடுத்த தாளில் 2,600, வரி 12 சதவீதம் 312, மொத்தம் 2,912 என்று எழுதியிருக்கிறது.

மாடிப்படி | ஞாயிறு, இரவு 9.05

ஆஸ்பத்திரி வாசலில், கிச்சனோடு, ஏசியோடு, 2,600 ரூபாய்க்கு வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? 500 மிச்சம் பிடிக்க ஆப்பை விட்டு வெளியே போனது நீங்கள். கதவைத் திறந்து நாற்றம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தங்கிவிட்டு மறுநாள் பணம் கேட்டால் எவன் தருவான்?

கடலைமிட்டாய் | ஞாயிறு, இரவு 9.11

மாடிப்படி சார், ஸ்டென்ட் வைத்த 71 வயது அம்மாவை மூன்று மாடி ஏற்றியாச்சு. மறுபடி இறக்கி, சாயங்கால நேரத்தில் பையோடு வேறு இடம் தேடி அலையச் சொல்கிறீர்களா? உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வது சுலபம்.

அக்கா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பழைய பிளம்பர் | ஞாயிறு, இரவு 10.20

முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன், தாயி.

அந்த நாற்றம் எதுவும் செத்ததால் வந்ததில்லை. பாத்ரூம் தரையில் ஜல்லடை போட்டிருக்கும் பாருங்கள், அதற்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். நானி டிராப் என்போம். அதில் இரண்டு இன்ச் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். வீட்டைப் பல நாள் பூட்டிப் போட்டால் அது வற்றிவிடும், கீழே இருக்கிற வாடை நேரே படுக்கையறைக்கு வந்து உட்காரும். இதற்கு ஃபினாயில் ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்தால் முக்கால்வாசி அடங்கிவிடும். வாஷ்பேசின், கிச்சன் சிங்க் இரண்டிலும் அதே மாதிரி ஊற்ற வேண்டும். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போகிறவர்கள் தண்ணீர் ஊற்றி அதன் மேல் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுப் போனால் வற்றுவது தாமதமாகும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. அந்த வீட்டில் குறைந்தது இரண்டு மூன்று வாரமாக யாரும் தண்ணீரே புழங்கவில்லை. எப்போதும் ஃபுல் என்று ஓனர் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, கீசர். இதைக் கோபமாகவே சொல்கிறேன். மெயின் விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். சென்னையில் நிறைய கட்டடத்தில் போர் தண்ணீர் உப்பு. அது கீசர் உள்ளே இருக்கிற எலிமென்ட்டை அரித்துவிடும், கரண்ட் தண்ணீரில் கசியும். அதைக் கண்டுபிடித்துத்தான் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் அணைக்கிற மெயின் சுவிட்ச், தானாக விழுகிறது. உங்களைக் காப்பாற்ற விழுந்ததை நீங்கள் மூன்று தடவை தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். சில ஓனர்கள் தொல்லை என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்திருப்பார்கள். அப்படி இருந்து, ஷவருக்குக் கீழே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாமிரபரணிக்கரை | திங்கள், காலை 6.50

அண்ணாச்சி, நெஞ்சு பக்கென்றது. கீசர் விஷயம் சத்தியமாகத் தெரியாது. மெயின் பழசு என்று நினைத்துத்தான் தூக்கினேன்.

கடலைமிட்டாய், அம்மா நன்றாக இருக்கிறாள். ஊருக்கு வந்ததும் பிரஷர் இறங்கிவிட்டது. அந்த அகர்தலாப் பெண்ணுக்கு ஒரு ரவிக்கைத் துணியாவது கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரூம் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மாடிப்படி சார், ரேட்டிங் 4.3 இருந்தது. பார்க்காமல் போகவில்லை.

சாவிக்கொத்து | திங்கள், காலை 11.30

நானும் இதே தொழில். கோடம்பாக்கம் பக்கம் நாலு ஃபிளாட் வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன். அடிக்க வருவீர்கள், இருந்தாலும் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. வீட்டுக்காரரிடம் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டு வாடகைக்கு எடுப்போம். அசோசியேஷனுக்கு எங்களைப் பிடிக்காது. லிஃப்ட் ரிப்பேர் என்றால் பணம் யார் கொடுப்பது என்று மூன்று மாதம் இழுக்கும். வாடகை மட்டும் முதல் தேதி போயாக வேண்டும். ஆப்காரர்கள் கமிஷன் போக மிச்சம்தான் கைக்கு வரும், அதனால் 'நேரா போடுங்க, குறைச்சுத் தர்றேன்' என்று சொல்லாத ஆள் இந்தத் தொழிலில் அபூர்வம். நானும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நள்ளிரவுச் சம்பவம் நடந்ததே அதனால்தான், மேடம். ஒரே வீட்டை மூன்று நாலு ஆப்பில் போட்டிருப்பார்கள். ஒன்றில் புக் ஆனால் மற்றதில் தானாக மூடுவதற்கு சேனல் மேனேஜர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, மாதச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் போனில் நேரே வந்த புக்கிங்கை அது எப்படித் தெரிந்துகொள்ளும்? ஓனர்தான் கையால் உள்ளே போய் அந்தத் தேதியை மூட வேண்டும். உங்களிடம் அட்வான்ஸ் வாங்கினவர் நோட்டில் எழுதியிருப்பார், ஆப்பில் மூடியிருக்க மாட்டார். அன்று சாயங்காலம் அகர்தலாக்காரர் ஆப்பில் பார்க்கும்போது வீடு காலியாகத்தான் தெரிந்திருக்கும். அவருக்குச் சாவிப் பெட்டி எண் தானாகப் போகிற மெசேஜ். ஓனர் அந்நேரம் தூங்கியிருப்பார்.

சாவிப் பெட்டி வந்த பிறகு இந்தத் தொழிலே கெட்டுவிட்டது என்பது என் எண்ணம். ராத்திரிக்கு ஒரு ஆள் போட்டால் சம்பளம், சாப்பாடு, படுக்க இடம். பெட்டி என்றால் சுவரில் நாலு ஸ்க்ரூ, அதோடு சரி. என் நாலு ஃபிளாட்டுக்கும் சேர்த்து ராத்திரி ஒரு ஆள் வைத்திருக்கிறேன். லாபம் அதில்தான் ஓட்டையாகிறது, ஆனால் எனக்குத் தூக்கம் வருகிறது.

ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை. மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். ஒரே வாரத்தில் பத்துப் பேர் 'நைஸ் ஸ்டே', 'குட் ரூம்' என்று எழுதியிருந்தால் அது ஓனரின் சொந்தபந்தங்கள். மூன்று ஸ்டார் கொடுத்துவிட்டு நீளமாக எழுதியிருப்பார் ஒருவர், அவரைப் படியுங்கள்.

கடலைமிட்டாய் | திங்கள், பகல் 12.02

அதாவது அக்கா மிச்சம் பிடித்த 500 ரூபாய்தான் ராத்திரி 12.40க்குக் கதவைத் தட்டியது என்கிறீர்கள்.

மாடிப்படி | திங்கள், பகல் 12.15

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கடலைமிட்டாய் | திங்கள், பகல் 12.18

நீங்கள் சொன்னது வேறு, சார். நீங்கள் பழியை அவர்கள் மேல் போட்டீர்கள். இவர் காரணத்தைச் சொல்கிறார்.

ரசீது | திங்கள், மாலை 5.45

வரி ஆலோசனை அலுவலகத்தில் வேலை. முக்கியமான கேள்விக்கு யாருமே போகவில்லையே.

அக்கா, அந்தத் தாளை நன்றாகப் பாருங்கள். மேலே என்ன அச்சடித்திருக்கிறது? 'எஸ்டிமேட்' என்று இருந்தால் அது பில்லே இல்லை. ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்தில் எங்காவது இருக்கிறதா? இல்லை என்றால் அவர் வரி வாங்கவே கூடாது. பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கச் சட்டத்தில் இடம் கிடையாது. பதிவு செய்தவராகவே இருந்தாலும் 12 சதவீதம் தப்பு. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். 2,600க்கு 130 ரூபாய். உங்களிடம் 312 வாங்கியிருக்கிறார். ஒன்று 182 அதிகம், இல்லையென்றால் 312 முழுக்கவுமே அவர் பையில்.

பணம் திரும்பக் கேட்பது பற்றி. முதலில் ஓனருக்கு வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் அனுப்புங்கள். தேதி, ரூம், கட்டிய தொகை, லிஃப்ட், தாழ்ப்பாள், கீசர், ஒரே வீட்டை இருவருக்குக் கொடுத்தது, எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாளில். திட்டாதீர்கள், சாபம் விடாதீர்கள். பிறகு அது உங்களுக்கு எதிராகப் போகும். உடைந்த நிலை, பிளாஸ்டிக் உறையோடு அடுப்பு, இதெல்லாம் போட்டோ எடுத்தீர்களா?

பதில் இல்லை என்றால் 1915க்குக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். அவர்கள் தீர்ப்பு சொல்கிறவர்கள் இல்லை, எதிராளிக்குப் புகாரை அனுப்பிப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். பல சின்ன ஓனர்கள் அந்தக் கடிதத்துக்கே இறங்கி வருவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், அதாவது திருநெல்வேலியிலேயே. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் உண்டு.

மாடிப்படி சாருக்கு: ராத்திரி தங்கிவிட்டதால் உரிமை போய்விடாது. பணம் கட்டி வாங்கின சேவையில் குறை இருந்தால், அதைப் பயன்படுத்தின பிறகும் கேட்கலாம்.

துபாய் மதுரைக்காரன் | திங்கள், இரவு 11.10

இங்கே பர்துபாய், தேரா பக்கமெல்லாம் ஹோட்டல் அபார்ட்மென்ட் என்றே தனி ரகம் உண்டு. குடும்பம் விசிட்டில் வந்தால் நம் ஆட்கள் அங்கேதான் போடுவார்கள், காரணம் நீங்கள் சொன்ன அதே கிச்சன்தான். சுற்றுலாத் துறை தரம் பிரித்து உரிமம் கொடுக்கிறது. 2014லிருந்து ஒரு ராத்திரிக்கு ரூமுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை டூரிசம் திர்ஹம் என்று தனியாக வாங்குகிறார்கள், எந்தத் தரமோ அதைப் பொறுத்து. எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். நான் தேராவில் போட்ட ஒன்றில் அம்மா மிக்ஸி ஜாரைத் திறந்தால் உள்ளே கரப்பான் குடும்பம். டெபாசிட் திரும்ப வர மூன்று வாரம் இழுத்தார்கள். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு இறங்கிப் போனால் ரிசப்ஷனில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான். கத்துவதற்கு எதிரே ஒரு முகம் இருக்கும். அக்கா கதையில் அதுதான் இல்லை.

தாமிரபரணிக்கரை | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ரசீது தம்பி, 'எஸ்டிமேட்' என்றுதான் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, கையெழுத்தும் இல்லை, கார்பன் தாள். நீங்கள் கேட்டு வைத்தது மாதிரி இருக்கிறது. தாழ்ப்பாள் போட்டோ இருக்கிறது. அடுப்பைப் போட்டோ எடுக்கவில்லை, ஆனால் 'ஈ ஜீரோ'வை வீடியோ எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தேன், என்ன செய்வது என்று கேட்க. அது இருக்கிறது, கீங் கீங் சத்தத்தோடு.

திங்கள் ராத்திரியே எழுதி அனுப்பினேன். இரண்டு ப்ளூ டிக். பதில் இல்லை. செவ்வாய் காலை கூகுளில் ரிவ்யூ போட்டேன், தாழ்ப்பாள் படத்தோடு. ஒரு மணி நேரத்தில் போன் வந்துவிட்டது. ராத்திரி எடுக்காத போன்!

குரலில் தேன். "அம்மா மாதிரி நினைச்சுத்தான் மேடம் எல்லாருக்கும் செய்யிறோம்" என்றார். அகர்தலாக்காரரை நடு ராத்திரியில் அனுப்பினது ஆப்காரர் தப்பாம், தாழ்ப்பாள் அதற்கு முந்தின கெஸ்ட் உடைத்ததாம், லிஃப்ட் அசோசியேஷனாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வைத்திருக்கிறார், அவரைத் தவிர. கடைசியில், "500 ரூபா போட்டுவிடுறேன், ரிவ்யூவை எடுத்துடுங்க" என்றார். ரிவ்யூவை எடுக்க மாட்டேன், பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாவிக்கொத்து | புதன், இரவு 9.52

ரிவ்யூவை எடுக்காமல் இருந்தது சரி. எழுத்தில் எதுவும் அனுப்ப மாட்டார், பாருங்கள். அந்த 500ஐ வாங்கினால் 'முழுத் தீர்வாக' என்று பின்னால் சொல்லுவார். அப்படி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

தாமிரபரணிக்கரை | வியாழன், மாலை 4.15

500 வந்தது. ஓனர் நம்பரிலிருந்து இல்லை.

அன்றைக்குக் காலையில் அம்மாவுக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வந்தான் என்று அந்தப் பையனுக்கு 60 ரூபாய் ஜிபே பண்ணியிருந்தேன். அதே பெயர், அதே படம், ஏதோ கோயில் வாசலில் நிற்கிற படம். 60 போன வரிக்குக் கீழே 500 வந்து நிற்கிறது.

கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "ஓனர் அனுப்ப சொன்னார் அக்கா, அப்புறம் தர்றேன்னு சொன்னார்" என்றான். தருவாரா என்று கேட்டேன். "சம்பளத்துல பார்த்துக்கலாம்னு சொன்னார்." ராத்திரி சாவியைச் சரியாகப் பார்க்காதது அவன் தப்பாம். சாவிப் பெட்டி எண்ணை அனுப்பினது யாரோ!

500ஐ அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஓனருக்கு ஒரு வரி எழுதினேன், என் பணம் உங்களிடமிருந்து வர வேண்டும், வேலைக்காரப் பையனிடமிருந்து இல்லை என்று. இன்று காலை 1915இல் பதிவும் செய்துவிட்டேன். எண் வந்துவிட்டது.

எனக்கு இப்போது ஒரு பயம். இதனால் அவன் வேலை போய்விடுமா?

ரசீது | வியாழன், மாலை 4.40

அந்த 500 வந்ததையும் நீங்கள் திருப்பியதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டீர்களா? புகாரோடு சேர்த்துவிடுங்கள். இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பையன் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

மாடிப்படி | வியாழன், மாலை 5.20

பையன் வேலை போனால் போகட்டும். மாடிப்படிக்குக் கீழே படுத்துச் செய்கிற வேலையை யாரும் போய்விட்டதே என்று அழப்போவதில்லை. சாவிக்கொத்து, உங்களிடம் ராத்திரி ஆள் ஒருவர்தானே இருக்கிறார்?

சாவிக்கொத்து | வியாழன், மாலை 5.48

ஒருவர்தான். அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் வர மாட்டார். அக்கா, பையனுக்குச் சம்மதம் என்றால் என் நம்பரைக் கொடுங்கள், உள்பெட்டியில் அனுப்புகிறேன். வாக்கு கொடுக்கவில்லை, முதலில் பேசிப் பார்க்கிறேன்.

தாமிரபரணிக்கரை | வியாழன், மாலை 6.05

கொடுக்கிறேன். தமிழ் பாதிதான் வரும், ஆனால் கஞ்சிப் பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்ப்பான்.

புதுவரவு | வெள்ளி, காலை 7.12

வணக்கம், முழுசாகப் படிக்க நேரமில்லை. திங்கட்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். கிரீம்ஸ் ரோடு பக்கம் கிச்சனோடு 2,500க்குள் நல்ல இடம் யாருக்காவது தெரியுமா? ரொம்ப அவசரம்.

பழைய பிளம்பர் | வெள்ளி, காலை 7.30

தம்பி, படியுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். படிக்கவே மாட்டேன் என்றால், இண்டக்ஷனில் சூடாகிற மாதிரி காந்தம் ஒட்டுகிற சட்டி ஒன்றும், கதவுக்கு அண்டக் கொடுக்க மர ஆப்பு ஒன்றும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போனதும் பாத்ரூம் ஜல்லடையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். அப்பாவுக்கு என்ன ஆபரேஷன்?